கூறைப்புடவையின் மறுமுனை

எங்கள் வீட்டுச் சமையலறையில் பித்தளையும் எவர்சில்வரும் மட்டுமே புழங்கின. கண்ணாடிக் குவளைகளும் பீங்கான் கோப்பைகளும், என் மகள் நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக உடைந்து தீர்ந்தன. அவள் எதையும் எறிபவள் அல்லள். நீட்டினால் வாங்கிக்கொள்வாள். சற்று நேரம் கையில் இருக்கும். பிறகு விரல்கள் தாம் ஒன்றைப் பற்றியிருப்பதையே மறந்தாற்போல நெகிழ்ந்துவிடும். விழுந்து உடைந்ததை அவளும் எங்களைப் போலவே வியப்போடு பார்ப்பாள். அது தன் கையிலிருந்துதான் விழுந்தது என்று அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

நடையும் அவ்வாறுதான். குதிகால் நிலத்தில் படாது, நுனிக்காலில் விரைவாள். திறந்த கதவின் நடுவே வழி இருக்க, நிலைச்சட்டத்தில் தோளை இடித்துக்கொள்வாள். பன்னிரண்டு வயதாகியும் பாவாடை நாடாவை முடியத் தெரியாது. பிசைந்த சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் விழும். பேச்சு மிகக் குறைவு. நாம் கேட்கும் கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பித் தருவதே பெரும்பாலும் அவளது விடையாக இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் ஒரு மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை எங்களிடம் சொன்னார். அதற்கு முன் கோயம்புத்தூரில் அவளுக்குக் கிடைத்த பெயர்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. நான் அப்போது மகளிர் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து வந்தேன். அச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் ஏதேனும் உண்டா என்று சில காலம் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன். பெயர் அகப்படும் வரை பிள்ளையின் பசியும் நடையும் உறக்கமும் காத்திருப்பதில்லை.

அதே மருத்துவர்தாம் எங்களை ஆர்.எஸ்.புரத்துக் குறுக்குத் தெரு ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். கீழே பல் மருத்துவமனை, மேலே இரண்டு அறைகள். பெயர்ப்பலகையில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று எழுதியிருந்தது. தொழில் கற்பிக்கும் இடமோ என்று என் கணவர் ஐயுற்றார். வார்ப்படப் பட்டறை வைத்து நடத்துபவர் அவர். தொழில் என்றால் அவருக்கு இரும்பும் மண்ணும் உலையும்தான். அங்கே பணியாற்றிய பெண்மணி திருச்சிக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, குழந்தைக்குத் தொழில் என்பது சாப்பிடுவதும் உடுத்துவதும் விளையாடுவதும்தான், அவற்றைக் கைவரச் செய்வதே தம் வேலை என்றார்.

அறையைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை என்பதே உண்மை. கூரைக் கொக்கியிலிருந்து ஒரு பலகை ஊஞ்சல் தொங்கியது. மூலையில் சரக்குந்தின் சக்கரக் குழாய் காற்றடைத்துக் கிடந்தது. ஒரு தொட்டி நிறையக் கேழ்வரகு. அதற்குள் புதைத்துவைத்த புளியங்கொட்டைகள். மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. அவர் விளக்கிச் சொன்னது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. நம் தசைகளும் மூட்டுகளும், உடம்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற செய்தியை ஓயாமல் மூளைக்கு அனுப்பியவண்ணம் இருக்கின்றனவாம். என் மகளுக்கு அச்செய்தி மெலிந்துபோய்ச் சேர்கிறது. கை இருப்பதே அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றால், கையில் இருக்கும் குவளை எப்படித் தெரியும்? ஆகவே செய்தியை வலுவாக்க வேண்டும். சுவரைத் தள்ள வேண்டும். கனத்தைச் சுமக்க வேண்டும். கயிற்றை இழுக்க வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கனமான வேலைகளெல்லாம் அவளுடையவை ஆயின. தண்ணீர் வாளி, அரிசிப்பை, ஈரத்துண்டைப் பிழிவது, சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைவது. வேலைக்காரப் பெண் வருவாள், என் மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். படித்த வீட்டில் இப்படியும் ஒரு தாயா என்ற கேள்வி அவள் கண்ணில் இருக்கும். ஓராண்டுக்குள் மகள் ஒரு குவளை மோரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் குவளையைத் தானே மேடைமேல் வைத்தாள். அன்று என் கணவர் பட்டறைக்குத் தாமதமாகப் போனார்.

அவளுக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் மூத்தவன் என் மகன். அவனுக்கு ஆனைமலைப் பக்கத்துப் பெண்ணொருத்தியை ஆவணியில் உறுதி செய்தோம். தை மாதத்தில் திருமணம் என்று முடிவாயிற்று. அதோடு, நான் அறிந்தும் எண்ணிப் பார்க்க அஞ்சியிருந்த ஒரு கேள்வி கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

கொங்கு நாட்டுத் திருமணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. ஊருக்கு ஊர் சிறுசிறு வேறுபாடுகள் இருக்கலாம். எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன், மணமகனின் உடன்பிறந்தாள் மணப்பெண்ணைப் போலவே அணி பூண்டு, தலையில் பேழைக்கூடையும் கையில் நீர்ச்செம்புமாகப் பந்தலைச் சுற்றிவந்து, அண்ணன் அருகில் அமர்வாள். மணமகளுக்கென்று எடுத்த கூறைப்புடவையின் ஒரு முனையை அவள் பிடித்திருப்பாள். மறுமுனை அண்ணன் கையில் இருக்கும். சீர் முடிந்ததும் அந்தப் புடவை மணமகளிடம் போகும். அதை உடுத்திக்கொண்டுதான் அவள் மணவறைக்கு வருவாள். உடன்பிறந்தாள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் அமர்வாள். என் மகனுக்கோ உடன்பிறந்தாள் இருக்கிறாள்.

காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர். எங்கள் திருமணத்தில் இணைச்சீர்க் கூடையைச் சுமந்தவர் அவர்தாம். குடும்பத்தின் சீர்முறைகள் அனைத்தும் அவர் சொன்னபடியே நடக்கும். அவர் தேங்காயெண்ணெய் டின்னோடு வந்து இறங்கினார். காப்பி குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு, என் கணவரின் தம்பியான கொழுந்தனாரின் மகளை இணைச்சீருக்கு உட்கார வைத்துவிடலாம், அவளும் தங்கை முறைதானே என்றார். என் மகன் சொன்னான்.

“தங்கச்சி ஊட்டுல இருக்கறப்ப இன்னொருத்தி எதுக்குங்க அத்தை?”

“பாரு கண்ணு, அவள ஒதுக்கோணும்னு சொல்றனா? கூடை கீழ உழுந்துபோட்டா சகுனம்பாங்க. செம்புத் தண்ணி கொட்டுச்சுன்னா ஒண்ணும்பாங்க. மேளத்தக் கேட்டாக் காதப் பொத்திக்கிட்டு ஓடற புள்ள அது. நாலு பேரு சிரிச்சா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. எனக்குத்தான் தாங்காது.”

அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது. மகன் மட்டும் தளரவில்லை. தை பிறக்கும் வரை பழக்கிப் பார்ப்போம், முடியாது என்று தெரிந்தால் தானே சித்தப்பா மகளை அழைத்துவருவதாக வாக்களித்தான். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தார். நான் என் மகளைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த மாவாட்டும் கிரைண்டரின் உடம்பில் அவள் இரு உள்ளங்கைகளையும் பதித்து, அதன் அதிர்வைக் கண்மூடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திருச்சிக்காரப் பெண்மணியிடம் செய்தியைச் சொன்னேன். அவர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தச் சடங்கை ஒருவர் செய்துகாட்ட வேண்டும், தாம் பார்க்க வேண்டும் என்றார். அதைச் செய்துகாட்டத் தக்கவர் ஒருவர்தாம் இருந்தார்.

என் நாத்தனார் அந்த மாடிப்படி ஏறி வந்த காட்சியை என்னால் மறக்க இயலாது. காஞ்சிப் பட்டு, காதில் வைரத்தோடு. அறையின் நடுவே தொங்கிய ஊஞ்சலையும் சக்கரக் குழாயையும் பார்த்தவர், இதென்ன அம்மணி, பட்டறையாட்ட இருக்குது என்று என் காதில் சொன்னார். கூடை இல்லாததால் துணி போடும் நெகிழிக் கூடையை அவர் தலையில் ஏற்றினோம். செம்புக்கு மாற்றாகக் குடிநீர்க் குவளை. அவ்வளவுதான். அந்தக் கணத்தில் அவர் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தம்பியின் திருமணப் பந்தலில் நடந்த அதே நடையில், கேழ்வரகுத் தொட்டியையும் சக்கரக் குழாயையும் வலம் வந்தார். நடுவில் ஊஞ்சல் கயிறு கூடையில் மாட்டிக்கொண்டது. “எங்க கல்யாணத்துல இதெல்லாம் இல்லீங்க” என்று திருச்சிக்காரரிடம் சொன்னார். அறையில் இருந்த தாய்மார்கள் அனைவரும் சிரித்தோம்.

சிரிக்காதவள் என் மகள் ஒருத்திதான். அவள் தரையோடு தரையாகக் குனிந்து, அத்தையின் காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை இரண்டாம் முறை சுற்றியபோது எழுந்து பின்னாலேயே நடந்தாள்.

அன்று தொடங்கிப் பல மாதங்கள் பழக்கினோம். முதலில் வெறுங்கூடையை வைத்துப் பார்த்தோம். அதன் தொடுகையே அவளுக்குத் தாங்கவில்லை, உடனே தட்டிவிட்டாள். கூடைக்குள் அசலாக என்ன இருக்கும் என்று திருச்சிக்காரர் கேட்டார். அரிசி, தேங்காய், வெற்றிலை என்று நாத்தனார் தொலைபேசியில் பட்டியலிட்டார். இரண்டு படி அரிசியை இட்டு வைத்ததும் கழுத்து நேரானது. அதைவிட வியப்பு, அவள் குதிகால்கள் தரையைத் தொட்டன. மேலிருந்து கனம் அழுத்தும்போது கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது என்றார் அவர். மேளத்துக்கும் வழி கண்டோம். நாகசுரமும் தவிலும் பதிந்த ஒலிநாடாவை அடுத்த அறையில் மெல்ல ஓடவிட்டு, வாரத்துக்கு வாரம் சற்றே உயர்த்திவந்தோம். பட்டின் முரட்டுத்தன்மை உடம்புக்குப் பழகும்பொருட்டு, என் பழைய பட்டுப்புடவையைத் துவைத்துத் துவைத்து மென்மையாக்கி அவள் போர்வையாகத் தந்தேன்.

எஞ்சி நின்றது புடவையைப் பிடித்திருத்தல். அதுதான் எல்லாவற்றிலும் அரிதாக இருந்தது. சுமப்பது வேறு, ஒன்றும் செய்யாமல் ஒரு துணிமுனையை நெடுநேரம் கையில் வைத்திருப்பது வேறு. சீர் முடியும் வரை முனை நழுவக்கூடாது. கூறைப்புடவை நிலத்தில் விழக்கூடாது என்பதில் எங்கள் பெரியவர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். இதற்கு வழி கண்டவன் என் மகன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடத்தில் எதிரெதிரே அமர்ந்து, என் பழைய புடவையின் இரு முனைகளையும் அண்ணனும் தங்கையும் பற்றிக்கொள்வார்கள். அவன் மெல்ல இழுப்பான். “உடாதே கண்ணு, உடாதே” என்பான். இழுப்பு கூடக்கூட அவள் விரல்கள் இறுகும். இழுப்பில்தான் அவளுக்குத் தன் கை தெரிந்தது. சில வாரங்களில் அவள் அந்த விளையாட்டுக்காகவே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினாள். புடவையை எடுத்துவந்து அண்ணன் மடியில் போட்டு, “உடாதே” என்பாள். அவள் தானாக முன்வந்து பேசிய சொற்களில் அது ஒன்று. எங்கள் வீட்டில் அதன் பொருள், என்னோடு விளையாட வா என்பது.

மார்கழி முடிவில் நாத்தனார் வந்து பார்த்தார். மகள் கூடத்தைச் சுற்றிவந்து, அமர்ந்து, புடவை முனையைப் பற்றிக்கொண்டாள். நாத்தனார் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஆயினும், கொழுந்தனார் மகளுக்கும் ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வைத்துவிடுவோம், எதற்கும் இருக்கட்டும் என்று சொன்னார். அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. என் நெஞ்சிலும் ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வைக்கப்பட்டுத்தான் இருந்தது.

பொள்ளாச்சிச் சாலையில் இருந்த மண்டபத்தில் திருமணம். விடியற்காலையில் இணைச்சீர். சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரை எங்கள் பக்கத்தில் அருமைக்காரர் என்போம். அவரிடம் முன்னரே என் கணவர் நிலைமையை எடுத்துரைத்திருந்தார். அவர் மேளக்காரர்களைப் பந்தலின் கோடிக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையின் பக்கம் யாரும் குனிந்து பேச வேண்டாம் என்று கூட்டத்தைச் சற்றே பின்னால் நகர்த்தினார். திருச்சிக்காரப் பெண்மணி முதல் பேருந்தைப் பிடித்துத் தாலி கட்டும் நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கூடை தலையேறியது. உள்ளே அரிசி இருக்கிறதா என்று நான் கைவிட்டுப் பார்த்தேன், இருந்தது. நாத்தனார் முன்னே நடந்தார். என் மகள் அவர் குதிகால்களில் பார்வையை வைத்துப் பின்னே நடந்தாள். தவில் ஒலித்தபோது அவள் தோள்கள் ஒரு முறை காதுவரை உயர்ந்தன, பிறகு தாழ்ந்தன. செம்பிலிருந்து கொஞ்சம் நீர் தளும்பிப் பாதையில் சிந்தியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி முடித்து அண்ணன் அருகில் அமர்ந்தாள். கூறைப்புடவையின் முனை அவள் கையில் வந்தது. இறுகப் பற்றினாள். மறுமுனையைப் பற்றியிருந்த என் மகன் அவளைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தால் அழுதுவிடுவான் என்பது எனக்குத் தெரியும். சீர் முடியும் வரை அவள் அசையவில்லை. தூணில் சாய்ந்து நின்ற நான் நெடுநாளுக்குப் பின் முழுமூச்சு விட்டேன்.

அருமைக்காரர் புடவையை மணப்பெண்ணுக்கு அனுப்பும்படி சொன்னார். உறவுப் பெண்மணி ஒருவர் தாம்பாளத்தோடு வந்து, மகளின் கையிலிருந்து முனையை வாங்கப் போனார். கை திறக்கவில்லை.

குடு கண்ணு என்றார். மெல்ல இழுத்தார். விரல்கள் இன்னும் இறுகின. இன்னொருவர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். இருவரும் இழுத்தார்கள். என் மகள் முகம் மலர்ந்தது. பின்னால் சாய்ந்து, கால்களை ஊன்றி, முழு வலுவையும் கூட்டிப் பற்றிக்கொண்டு, உரக்கச் சொன்னாள்.

“உடாதே.”

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன உட மனசு வரலீங்க பாவம் என்று ஒரு குரல் கேட்டது. இத்தனை நாளும் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணியிருந்தோர், இன்று எல்லாம் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆறுதல் வாய்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. இழுக்க இழுக்க இறுக்க வேண்டும் என்பதை நாங்கள்தாம் அவ்வளவு பாடுபட்டுக் கற்பித்தோம். விரலைத் திறந்து கொடுப்பதும் ஒரு செயல், அதற்கும் பழக்கம் வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொருள்கள் தாமே நழுவி விழுந்த கை அல்லவா! அதற்கு விடுவதைச் சொல்லித்தர வேண்டும் என்று யார் நினைப்பார்?

இழுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். கைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் பிடி தளரவில்லை. அவள் அடுத்த இழுப்புக்காகக் காத்திருந்தாள். என் மகன் குனிந்து ஏதேதோ சொல்லிப் பார்த்தான். அவன் குரலைக் கேட்டதும் அவள் இன்னும் மகிழ்ந்து இன்னும் பற்றினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்வீட்டார் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. அருமைக்காரர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அப்படிச் செய்தால் அலறுவாள், அலறினால் ஓடுவாள், ஓடினால் அந்த மண்டபம் அவளைப் பற்றி என்றும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கும். கொழுந்தனார் மகள் பட்டுப்பாவாடையில் ஓரமாக நின்றிருந்தாள். இனி அவளாலும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நாத்தனார் என் மகளின் முன்னால் தரையில் மண்டியிட்டிருந்தார். சிரிப்பார்கள் என்று அஞ்சிய அவர், இப்போது கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தம் பட்டுப்புடவையால் அவளை மறைத்தபடி அமர்ந்திருந்தார். வருபவர் கைகளையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மணப்பெண் அறையின் கதவு திறந்தது. கூறைப்புடவை வராததால் என்ன ஆயிற்று என்று உள்ளே செய்தி போயிருக்கிறது. மணப்பெண் தலைநிறையப் பூவும் சாதாரணப் புடவையுமாக வாயிலில் நின்றாள். அந்நேரத்தில் அவள் வெளியே தலைகாட்டுவது முறையில்லை. அவள் தாய் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தார். நிச்சயத்தன்று ஒரு முறையும், பிறகு ஒரு முறையும் மட்டுமே என் மகளை அவள் பார்த்திருந்தாள். வாயிலில் நின்றபடியே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அருமைக்காரரிடம் பேசினாள்.

“ஆரும் இழுக்க வேண்டாங்க. அந்தம்மணி புடிச்சுட்டே இருக்கட்டுங்க. இங்க கூட்டியாந்தீங்கன்னா நான் சுத்திக்கறனுங்க.”

ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. நாத்தனாருக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் அருமைக்காரரை நிமிர்ந்து பார்த்து, முறையில் தப்புண்டா என்று கேட்டார். பெரியவர் சிறிது எண்ணிப் பார்த்தார்.

“கூறை கீழ உழுகுலியே. அப்பறம் என்னுங்க? சுத்தட்டும்.”

புடவை மடிப்புக் குலைந்து நீண்டது. தரையில் படாதபடி பெண்கள் வரிசையாக நின்று உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டார்கள். மகன் தன் முனையை அறை வாயிலில் மணப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு விலகினான். நான் என் மகளை எழுப்பினேன். இழுப்பு நின்று, துணியே தன்னை அழைத்துச் செல்வதுபோல இருந்ததால், மறுக்காமல் நடந்தாள். நற்பேறாக அவள் பற்றியிருந்தது முந்தானைப் பக்கம்.

அறைக்குள் பெண்கள் மட்டும் இருந்தோம். கதவைச் சாத்தினார்கள். மணப்பெண் தன் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பெண் நின்ற திசையில் மெல்லச் சுழன்றாள். வழக்கமாகப் புடவை பெண்ணைச் சுற்றிவரும். அன்று பெண் புடவைக்குள் சுழன்று வந்தாள். நாத்தனார் முழந்தாளிட்டுக் கொசுவம் மடித்தார். பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று ஆணையிட்டார். துணி சுருங்கச் சுருங்க இருவருக்கும் இடையே தொலைவு குறைந்தது. என் மகள் மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தொட வருபவர்களைக் கண்டால் விலகும் அவள், அந்தப் பெண் ஒரு சுற்றில் மிக அருகே வந்துவிட்டபோதும் விலகவில்லை. முந்தானை மணப்பெண்ணின் தோளுக்கு மேலேறிப் பின்னால் இறங்கியது. அதன் நுனியை இரு கைகளாலும் பற்றியபடி என் மகள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

மணவறைக்கு அப்படியேதான் வந்தார்கள். முன்னே மணப்பெண், பின்னே முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் மகள். மண்டபத்தின் வாயிலில் திருச்சிக்காரப் பெண்மணி பையும் கையுமாக அப்போதுதான் வந்து நின்றார். அவர் மணமக்களைப் பார்க்கவில்லை. என் மகளின் பாதங்களைத்தான் முதலில் பார்த்தார். பாதம் முழுவதும் தரையில் பதிந்திருந்தது.

தாலி ஏறியது. மேளம் முழங்கியது. எல்லோரும் எழுந்து நின்று பூவும் அரிசியும் தூவினார்கள். அந்த ஆரவாரத்தில் என்னால் மணவறையின் பின்புறத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று.

பந்தியில் திருச்சிக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். மணப்பெண் சுழன்ற இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இலையைப் பார்த்தபடி, “பிடிக்கிறதைவிட விடுறதுதாம்மா கஷ்டம். நான் யோசிச்சிருக்கணும்” என்றார். திங்கட்கிழமை அழைத்துவாருங்கள், அதைத் தொடங்கிவிடலாம் என்றார். என் மகள் எதிர்ப்பந்தியில் அத்தைக்குப் பக்கத்தில் அமர்ந்து, பருப்புச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பாதி மடியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன.

எப்போது விட்டாள் என்று நாத்தனாரைக் கேட்டேன். தாம் பார்க்கவில்லை என்றார். மகனும் அறியான். நிழற்படக்காரர் எடுத்த படங்களில் ஒன்றில் அவள் முந்தானையோடு நிற்கிறாள். தாலிக்குப் பின் மாலை மாற்றும் படத்தில் அவளைக் காணோம். மறுவீடு முடிந்து மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்த பின், ஒரு பிற்பகல் கூறைப்புடவையை இருவருமாக மடித்தோம். முந்தானை நுனியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருக்கம் இருந்தது. வியர்வை பட்டுச் சரிகை சற்றே மங்கியிருந்தது. அவளிடமும் கேட்டேன்.

“தெரியலீங்க அத்தை. நான் திரும்பியே பாக்குலீங்க” என்றாள். புடவையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுருக்கத்தை விரலால் நீவினாள். பிறகு, “பாத்தா உட்டுப்போடுவாளோன்னு இருந்துச்சுங்க” என்றாள்.